பூட்டிய அறையில் நடந்தவன்

ஒரு கட்டடம் எழுந்தால் அது ஊர்க் கண்ணுக்கு எப்படித் தெரியும், அதன் விளக்கு யார் வீட்டுக்குள் போய் விழும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லுகிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் இது என்ன வேலை என்று விளக்க முடியாமல் திரும்பி வந்தேன் என்று உங்களில் ஒரு தம்பி என்னிடம் அழாத குறையாகச் சொன்னான். அட போப்பா. என் வீட்டுக்காரர் கடைசிவரைக்கும் அக்கம்பக்கத்தில், "அவ லைட்டு ஆபீஸ்ல இருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்றவள் பேச ஆரம்பித்தால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ட்ரோன் விட்டுப் படம் எடுக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் மரம் நட்டு, நிழல் விழவைத்துக் காட்டுகிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டுக்குள்ளாவது போய் உட்கார்ந்தீர்களா என்றால் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை.

உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்காட்டுக்கு நடுவில் ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். பகலில் பளிச்சென்று இருந்தது. நிலா வெளிச்சத்தில் காட்டுக்கு மேலே தலைமட்டும் வெள்ளையாக நின்றது. விடிவதற்கு முன் கொட்டை பொறுக்கப் போகிற பெண்கள் அந்தப் பக்கமே போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மங்கிய பச்சை அடித்ததும் சரியாகிவிட்டது. அது சின்ன விஷயம். இப்போது சொல்லப் போவது சின்ன விஷயம் இல்லை.

பெரம்பலூர் மாவட்டத்தில், லப்பைக்குடிக்காட்டை ஒட்டி, ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தத் தருகிற நிலையம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். சுத்தமான தண்ணீர் அரியலூர்ப் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. சாக்கடை தானாக ஓடி வர வேண்டும் என்பதால் இடத்தைப் பள்ளத்தில் பிடித்திருந்தார்கள். அந்தப் பள்ளத்துக்கும் ஊரின் கடைசித் தெருவுக்கும் நடுவில், மேட்டில், ஒரு மக்காச்சோளக் கொல்லை.

ஏற்கெனவே எழுதிவைத்த அறிக்கையைப் புரட்டினேன். எழுதியவர்கள் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற மாதத்தில் போயிருக்கிறார்கள். பகல் வேளையில், ரோட்டில் நின்று, படம் எடுத்திருக்கிறார்கள். "இயற்கையான மறைப்பு உள்ளது" என்று எழுதிவிட்டு வந்துவிட்டார்கள். அட கூறுகெட்டவர்களா, கதிர் முற்றினால் சோளத்தை அறுக்க மாட்டார்களா? கட்டி முடித்த பிறகு எரியப் போகிற விளக்குகளுக்குப் பக்கம் பக்கமாகக் கணக்கு இருந்தது. கட்டும்போது எரிகிற விளக்குக்கு ஒரே வரிதான். "தற்காலிகமானது."

அங்கிருந்து வந்த புகார்தான் வேடிக்கையாக இருந்தது. கடைசித் தெருவில் சேவல்கள் பொழுது சாய்ந்த பிறகு கூவுகின்றனவாம். ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேவல் இருட்டில் கூவினால் அதற்கு எங்கிருந்தோ விடியல் தெரிகிறது என்று அர்த்தம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் போனபோது கொல்லையில் சோளத்தை அறுத்து முடித்து வெறும் கட்டைதான் நின்றது. புகார் சொன்ன வீட்டில் பேசிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த வீட்டு வாசலில் ஒரு பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பாத்தியம் வெளிநாட்டிலிருந்து வருகிற வீடு என்று பார்த்தாலே தெரியும், மாடி வைத்த புது வீடு. அவள் பெயர் ஜமீலா. புருஷன் சாதிக் துபாயில் வேலை பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள். கூட இருப்பது மாமியார்.

"நீங்க லைட்டு பாக்க வந்தவங்களா அக்கா?" என்றாள்.

"ஆமாம்மா."

"எங்க வூட்டு மாடியில பூட்டுன ரூம்ல லைட்டு எரியுதுக்கா. நாங்க போடல."

உள்ளே கூட்டிப் போய் டீ கொடுத்தாள். மாடி அறை புருஷனுடையது. அவர் ஊருக்கு வந்தால்தான் திறப்பார்கள். மற்ற நாளில் பூட்டு. சோளம் அறுத்த பிறகு ஒரு சாயங்காலம், மஃரிப் தொழுகை முடிந்து தெருவில் ஆட்கள் வருகிற நேரம், அந்த அறை ஜன்னல் திரை வெள்ளையாகப் பிரகாசித்திருக்கிறது. திரையில் ஓர் ஆள் நடந்திருக்கிறான். ஆள் என்றால் சாதாரண ஆள் இல்லை. ஜன்னல் கொள்ளாத தலை. முகமே இல்லாமல் கூம்பிய தலை. கையில் கயிறு மாதிரி ஏதோ தொங்கியது. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய், நின்று, திரும்பி வந்து, மறைந்திருக்கிறான். மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும். அந்த நேரத்தில் பூட்டைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை.

தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேர் ஜின் என்றார்கள். பாதிப் பேர் ஆள் என்றார்கள். ஜின் என்றவர்கள்தான் அவளுக்கு நல்லவர்கள். ஆள் என்றவர்கள் நாக்கூசாமல் பேசினார்கள். புருஷன் ஊரில் இல்லாத வீட்டில், மாடி அறையில், தினம் சாயங்காலம் எவன் வருகிறான்? யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அது துபாய் வரைக்கும் போய்விட்டது.

"அவரு ஃபோன்ல என்னைத் திட்டலக்கா. திட்டியிருந்தாக்கூடத் தேவல. 'ரூம்ல யாரு?'ன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. யாருமில்லங்கன்னு அழுதேன். வச்சிட்டாரு. நாளைக்கு வராரு. வந்ததும் என்னை எங்கம்மா வூட்டுல கொண்டுபோய் விட்டுடறதாம், புள்ளைங்க ரெண்டும் இங்கயே இருக்கணுமாம். பெரியவர் வந்து சொல்லிட்டுப் போனாரு."

பெரியவர் என்றது புருஷனுடைய அண்ணன் பஷீரை. அதே தெருவில் கடை வைத்திருக்கிறார். மாமியார் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "நான் ஜின்னுதாம்மான்னு சொல்றேன். ஓதின தண்ணியெல்லாம் தெளிச்சுப் பாத்துட்டேன். என் மவன் கேக்க மாட்டேங்குறான்" என்றார். அவருக்கும் மருமகளைக் காப்பாற்ற ஜின்னைவிட்டால் வேறு வழி தெரியவில்லை, பாவம்.

நான் அந்த அறையைத் திறக்கச் சொன்னேன். பொழுது இறங்குகிறவரைக்கும் உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கிறேன், வெளியே பூட்டிக்கொள்ளுங்கள் என்றேன். ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்கக்கா." நான்தான் பெரிய தைரியசாலி மாதிரி அவளை அனுப்பினேன்.

கட்டில், பீரோ, மடித்துவைத்த தொழுகை விரிப்பு. தெருப்பக்கம் ஒரு ஜன்னல், அதில் வெளிர் நிறத் திரை. எதிர்ப்பக்கம் கொல்லையைப் பார்த்து இன்னொரு ஜன்னல், அதில் வெறும் கண்ணாடி. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. கூவிய நொடியில் அறை வெளுத்தது. சுவிட்சைப் பார்த்தேன். அணைத்தபடிதான் இருந்தது. என் கை ரோமத்தை ஒவ்வொன்றாக எண்ணுகிற அளவுக்கு வெளிச்சம்.

அப்புறம் திரையில் அவன் வந்தான்.

பிள்ளைகளே, காரணம் என்ன என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். பொழுதெல்லாம் இதைத்தானே படித்தேன். ஆனாலும் என் ஜன்மத்தில் அப்படிப் பயந்ததில்லை. சத்தமே இல்லாமல், என்னைவிட மூன்று மடங்கு பெரிதாக, கழுத்தில்லாத ஒரு கூம்புத் தலை என் முன்னால் நகர்ந்து போகிறது. கையிலிருந்து நீளமாக ஒன்று தொங்கி ஆடுகிறது. தெருவிலிருந்து ஆட்களின் முணுமுணுப்பு கேட்கிறது. அவர்கள் அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள், நான் இந்தப் பக்கம். நடுவில் அவன்.

தட்டுத்தடுமாறி எழுந்து பின்பக்க ஜன்னலுக்கு ஓடி வெளியே பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. கண்ணில் ஊசி குத்தின மாதிரி வெள்ளை. கையால் மறைத்துப் பார்த்தும் தெரியவில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூசுகிற விளக்கு ஆளைக் காட்டாது, ஆளை விழுங்கிவிடும். நிழலை மட்டும் அனுப்பும். ஜமீலாவும் அவள் மாமியாரும் கீழே பின்வாசலில் நின்று எத்தனை முறை பார்த்திருப்பார்கள். வெளியே ஒருவரும் தெரியாததால்தான் அறைக்குள்ளே ஏதோ இருக்கிறது என்று பயந்துவிட்டார்கள்.

கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி, பின்வாசல் வழியாக இறங்கி, சோளக்கட்டை காலைக் கிழிக்க நேராக அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடந்தேன். பள்ளத்தில், புதிதாகக் கட்டுகிற தொட்டிச் சுவருக்குப் பக்கத்தில், தரையில் ஒரு ஃபோக்கஸ் லைட்டை மேல்பார்க்க நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதன் எதிரே, ஏறி நின்று வேலை செய்கிற பலகைச் சாரம். சாரத்திலிருந்து ஓர் ஆள் இறங்கினான். நனைந்த சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடக்கி, கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தான். கையில் ஓஸ் பைப். புதுக் கான்கிரீட் வெடிக்காமல் இருக்கத் தினம் சாயங்காலம் தண்ணீர் விடுகிறவன். மீன்சுருட்டி ஊர்க்காரன், பெயர் முருகையன்.

"என்னங்க மேடம், இருட்டுற நேரத்துல முள்ளுல வரீங்க?" என்றான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

விஷயத்தைச் சொன்னதும் சைட் இன்ஜினியர் பையன் முகம் வெளிறிவிட்டது. "மேடம், இப்பவே லைட்ட கீழே திருப்பிடறேன். அஞ்சு நிமிஷ வேலை. மேலிடத்துக்குப் போக வேண்டாம் மேடம்" என்று ஓடினான்.

"தொட்டேன்னா கையை ஒடிச்சுடுவேன்" என்றேன்.

அவன் விழித்தான். நீங்களும் இப்போது அப்படித்தான் விழிக்கிறீர்கள். கூசுகிற விளக்கைத் திருப்புவதுதானே நம் வேலை? யோசித்துப் பாருங்கள். நாளைக்குப் புருஷன் வருகிறான். இன்றைக்கு லைட்டைத் திருப்பினால் நாளைக்குத் திரையில் நிழல் வராது. தெரு என்ன சொல்லும்? "புருஷன் வந்துட்டான்ல, இனிமே எப்படி வருவான்?" அவ்வளவுதான். அவள் கதை முடிந்தது. நாம் ஒழுங்காக வேலையைச் செய்து, அவள் பக்கம் இருந்த ஒரே சாட்சியை அணைத்துவிட்டிருப்போம். போய் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கட்டுகிற கம்பெனிக்காக வந்தவள் பேச்சை எவன் நம்புவான்?

ஆகவே நாளைக்கும் இதே விளக்கு இதே இடத்தில் எரிய வேண்டும். முருகையன் இதே மாதிரி ஏற வேண்டும். அவனிடம் கேட்டேன். சாக்கை எடுத்துக் கீழே போட்டுவிட்டான்.

"என்னை விட்டுடுங்க மேடம். 'ஆளு இவன்தான்'னு காட்டுனா போதும், நிழலாவது ஒண்ணாவது? தெருவே சேந்து என்னை அடிச்சுப் போட்டுடும். எனக்கும் வூட்டுல பொண்டாட்டி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. நிழலுக்கு ஓர் ஆண் கிடைத்துவிட்டால், ஜமீலாவின் பேரோடு அவன் பேரையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அவசரத்தில் ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தனைக் குழியில் தள்ளப் பார்த்திருக்கிறேன். பிறகு அந்தச் சாக்கை நான் எடுத்துக்கொண்டேன்.

திரும்பிப் போய் பஷீரைக் கடையில் பார்த்தேன். "பாய், மாடி ரூம் சாவியை இப்பவே நீங்க வாங்கி வச்சுக்கங்க. நாளைக்குத் தம்பி வந்ததும், மஃரிப் முடிஞ்சு எல்லாரும் தெருவுல நில்லுங்க. ஜமீலாவும் உங்க பக்கத்துல நிக்கட்டும். யாரு நடக்குறாங்கன்னு நான் காட்டுறேன்."

"ஆளைப் புடிச்சுக் குடுக்கப் போறீங்களா?" என்றார்.

"ஆமா பாய்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம், முழங்கால் வலிக்காரி நான், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினேன். முருகையன் கீழே நின்று, "பாத்து மேடம், பலகை வழுக்கும்" என்று புலம்பிக்கொண்டே இருந்தான். நனைந்த சாக்கு தலையில் கனத்தது. சாக்குக்குள் காதோரம் ஃபோனைச் செருகியிருந்தேன். மறுமுனையில் ஜமீலா. வாயைத் திறக்காதே, லைனை மட்டும் விட்டுவை என்று சொல்லியிருந்தேன். தெருச் சத்தம் முழுக்க எனக்குக் கேட்டது. செருப்புத் தேயும் சத்தம். சின்னப் பிள்ளை ஒன்று "அத்தா, அத்தா" என்று அப்பாவைக் கூப்பிட்டு இழுக்கும் சத்தம். சாதிக் வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

கீழே கையைக் காட்டினேன். விளக்கு எரிந்தது. எனக்கு எதிரே, கொல்லைக்கு அப்பால், அந்த வீட்டுப் பின்பக்கம் முழுக்க வெள்ளையாக எழுந்தது. நான் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

காதுக்குள் ஒரு தெரு அலறியது. "வந்துட்டான், வந்துட்டான்! பாரு, பாரு!" ஒரு கிழவர் குரல் வேகமாக ஓத ஆரம்பித்தது. யாரோ அழுதார்கள். என் நிழலைப் பார்த்து அத்தனை பேர் நடுங்குவதைக் கேட்டுக்கொண்டே நான் நடந்தேன். அந்த நேரத்தில், தலையில் சாக்கோடு நடக்கிறவள் நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் பின்னால் வேறு யாராவது நடக்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். விளக்கு கண்ணைக் குத்தியது.

"அண்ணே, சாவியைக் குடுங்க!" என்று சாதிக் கத்தினார். "நான் போறேன், நீ நில்லு" என்றார் பஷீர். படிக்கட்டில் ஓடுகிற சத்தம். எதிரே அந்த அறையின் கதவு திறப்பது ஜன்னல் வழியாக எனக்கே தெரிந்தது. பஷீர் அறை நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கடியில் குனிந்தார். பீரோவைத் திறந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். "யாரும் இல்லடா! ரூம்ல யாரும் இல்ல! நிழலு மட்டும் போவுதுடா! பின்னால பள்ளத்து லைட்டுலேருந்து வருதுடா!"

நான் நின்றேன். சாக்கை எடுத்துக் கீழே போட்டேன். ஃபோனைக் காதில் பிடித்தபடி பக்கவாட்டில் திரும்பிக் கொண்டையைக் காட்டினேன். கையைத் தூக்கி ஆட்டினேன்.

"ஏ, பொம்பளை!" என்றது ஒரு குரல். "வளையலு தெரியுது பாரு. அந்த லைட்டு ஆபீஸு அம்மாவா இது?" தெரு சலசலத்தது. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. அதில் சாதிக்கின் சிரிப்பும் இருந்தது. பெரிய பாரம் இறங்கியவனின் சிரிப்பு, கேட்கும்போதே தெரிந்தது. "ச்சே, லைட்டா? ஒரு லைட்டுக்கா ஜமீலா இவ்வளவும்? சரி சரி, உள்ளே போ. எனக்கு ஒரு டீ போடு" என்றார்.

"சிரிக்காதீங்க" என்றாள் ஜமீலா. ஃபோன் அவள் கையில் இருந்ததால் அவள் குரல் மட்டும் என் காதுக்குள்ளேயே பேசுவது போல இருந்தது. "ரூம்ல யாரும் இல்லன்னு நான் அல்லா மேல சத்தியம் பண்ணேன். புள்ளைங்க மேல பண்ணேன். நம்பல. இப்ப ஒரு லைட்டு சொல்லிச்சு, உடனே நம்பிட்டீங்க."

அவளே தொடர்ந்து சொன்னாள்.

"எங்கம்மா வூட்டுக்குப் போறேன். நீங்க கொண்டுபோய் விட வேணாம், நானே போறேன். புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போறேன். திரும்பி வரதா வேணாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன், நீங்க காத்திருங்க." பிறகு ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "அக்கா, போதும். அணைச்சிடுங்க."

முருகையனிடம் சொன்னேன். விளக்கு அணைந்தது. வீடு, கொல்லை, என் கை, எல்லாம் இருட்டில் போயின. அந்தச் சாரத்தில் பலகையைப் பிடித்தபடி நின்றேன். லைன் இன்னும் அறுபடவில்லை. "ஜமீலா" என்று சாதிக் ஒரு தடவை கூப்பிட்டார். இருட்டில் ஒரு தெரு மூச்சு விடுகிற சத்தம் மட்டும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.